சித்தியவான் பக்கத்து இளந்தம்பதிகளுக்கு முதல் மோட்டார் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தியவான், ஆயர் தாவார் சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து லுமுட் ஜெட்டி எட்டிவிடும் தூரம்தான். வார இறுதியில் படுத்து உறங்கி, சமைத்துச் சாப்பிட்டு, பங்கோர் வரையும் அதற்கு அப்பாலும் போய்வரக்கூடிய ஒரு படகை வாங்க நினைக்கும் கணவன் மனைவிக்கான பக்கம் இது. மீன்பிடிக்க மட்டும் படகு தேடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

எத்தனை அடிப் படகு வாங்குவது?

22 முதல் 27 அடி. அதற்கு மேல் முதல் படகாக வேண்டாம்.

அடியைப் பார்க்குமுன் ஒரு கேள்வியை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: நடுக்கடலில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், மற்றவர் தனி ஆளாக நங்கூரத்தை எடுத்து, இஞ்சினைக் கிளப்பி, படகை ஜெட்டியில் கட்ட முடியுமா? கணவன் ஓட்டுவார், மனைவி கயிறு பிடிப்பார் என்ற ஏற்பாட்டில் வாங்கிய படகு, கணவன் காலை உடைத்துக்கொண்ட அன்றைக்கு யாருக்கும் உதவாது. இரண்டு, மூன்று டன் எடையுள்ள படகைக் காற்றில்லாத நேரத்தில் ஒருவர் கயிற்றால் இழுத்து நிறுத்தலாம். 32 அடிப் படகு ஐந்து ஆறு டன் இருக்கும், அதைக் காற்று தள்ளும்போது கையால் பிடிக்கப் போனால் விரல் போகும்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். படகின் ஓரமாக முன்முனைக்கு நடந்து போக அகலமான வழி இருக்கிறதா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, ஓட்டுகிற இடத்திலிருந்து இரண்டே எட்டில் கயிறு கட்டும் இடத்துக்குப் போக முடிகிறதா? விற்பவர் மெத்தையையும் டிவியையும் காட்டுவார். நீங்கள் இவற்றைப் பாருங்கள்.

வேகமான படகா, மெதுவான படகா?

அதிகம் குழம்புகிற இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அடிப்பகுதி உருண்டையாக, தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல்மைல் என்ற வேகம், அதாவது நாட், வரும். 25 அடி என்றால் 6.7 நாட். அதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி போட்டாலும் அலைதான் பெரிதாகும், படகு வேகம் எடுக்காது. தட்டையான அடிப்பகுதி உள்ள படகு தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கி 20 நாட் கூடப் போகும், ஆனால் எரிபொருளைக் குடிக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

கணக்கைப் பாருங்கள். டீசல் இஞ்சின் ஏறக்குறைய ஐந்து குதிரைசக்திக்கு மணிக்கு ஒரு லிட்டர் எரிக்கும். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சின் மூன்று குதிரைசக்திக்கு ஒரு லிட்டர். 26 அடி மெதுவான படகு 6.5 நாட்டில் ஓட 15 குதிரைசக்தி போதும்: மணிக்கு மூன்று லிட்டர், கடல்மைலுக்கு அரை லிட்டருக்கும் குறைவு. 150 குதிரைசக்தி அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே தொங்கும் இஞ்சின்) பூட்டிய 24 அடிப் படகு 20 நாட்டில் போக 85 குதிரைசக்தி கேட்கும்: மணிக்கு 28 லிட்டர், கடல்மைலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். லுமுட்டிலிருந்து புலாவ் செம்பிலான் சுமார் 15 கடல்மைல். போய்வர முதல் படகுக்கு 15 லிட்டர், இரண்டாவதற்கு 42 லிட்டர்.

இனி நேரம். தோட்டத்திலோ ஆலையிலோ சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, நாலு மணிக்குக் கயிறு அவிழ்த்தால் ஏழேகால் வாக்கில் இருட்டும். 6.5 நாட்டில் பங்கோர் சுற்றி எங்கும் போய் வெளிச்சத்திலேயே நங்கூரம் போட்டுவிடலாம். செம்பிலானுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதல் ஆண்டில் அந்த அளவு நெருக்கிப் போக வேண்டாம். பினாங்கு எழுபது கடல்மைலுக்கு மேல். மெதுவான படகில் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது, நம் ஊரில் பகலே பன்னிரண்டு மணி நேரம்தான். நடுவே ஒதுங்கலாம் என்று நினைக்கும் ஆற்றுமுகங்கள் சேற்றுத்திட்டு நிறைந்தவை, வற்றத்தில் நுழைய முடியாது. ஆகவே பினாங்கு, லங்காவிதான் உங்கள் கனவு என்றால் 14, 15 நாட் போகக்கூடிய படகு நியாயம். பங்கோர், டிண்டிங் ஆறு, எப்போதாவது செம்பிலான் என்றால் மெதுவான டீசலே நல்லது.

வேகப் படகு வாங்குகிறவர்கள் மறக்கும் ஒன்று உண்டு. ஒரு மீட்டர் அலையில் 20 நாட் போக முடியாது, முதுகெலும்பு தாங்காது. எட்டு, பத்து நாட்டுக்கு இறங்குவீர்கள். அந்த வேகத்தில் படகு மேலே ஏறிச் சறுக்காமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும், மைல் கணக்கில் அப்போதுதான் அதிகமாகக் குடிக்கும். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்ற வழக்கம் இதனால் வந்தது.

அவுட்போர்டா, உள்ளே பொருத்திய டீசலா?

இரண்டுமே சரி. மூன்றாவதான ஸ்டெர்ன் டிரைவை, அதாவது இஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் மாட்டிய கால் வெளியே என்ற அமைப்பை, முதல் படகுக்கு வேண்டாம் என்றே சொல்வோம். அந்தக் கால் தூக்கினாலும் முழுதாகத் தண்ணீரை விட்டு வெளியே வராது. உப்பங்கழியில் வாரம் முழுக்க ஊறும், கொட்டலசு ஒட்டும், அலுமினியம் அரிக்கும். இஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கடல்நீர் நேராகப் படகுக்குள் வரும்.

அவுட்போர்டைத் தூக்கி வைக்கலாம், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம், கழற்றி வேறு மாட்டலாம். சேறு படிந்த ஆழம் குறைந்த ஆற்றில் காலைப் பாதி தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கும். டேங்க் உள்ளே மூடிய இடத்தில் இருந்தால் கிளப்புமுன் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

டீசலில் அந்தப் பயம் குறைவு. ஆனால் தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானிய விலை எடுக்கப்பட்டு லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதற்கு முந்தைய செலவுக் கணக்கை யாராவது காட்டினால் தள்ளிவையுங்கள்.

நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறதே, படகுக்குச் சேருமா?

சேரும், கவனித்தால். 2019 முதல் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கிறார்கள். தினமும் ஓடும் லாரிக்கு இதனால் தொல்லை இல்லை. மாதம் இருமுறை ஓடும் படகில்தான் வினை. பயோடீசல் ஈரத்தை அதிகம் ஏற்கும். பாதி காலியான டேங்கின் சுவரில் இரவு நீர் வேர்த்து அடியில் சேரும். நீரும் எண்ணெயும் சேரும் கோட்டில் கிருமி வளர்ந்து கருஞ்சளி மாதிரி ஆகும். பழைய டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கையும் பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும். அலையில் படகு ஆடும்போது அது முழுதும் ஃபில்டருக்கு வரும், சரியாக ஆற்றுமுகத்தில் இஞ்சின் நிற்கும்.

செய்ய வேண்டியது: கண்ணாடிக் கிண்ணத்தோடு கூடிய நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அதன் அடித் திருகைத் திறந்து ஒரு குவளையில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். படகை விட்டு வரும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். மாற்று ஃபில்டர் மூன்று படகிலேயே இருக்கட்டும். அதை மாற்றி, காற்றை வெளியேற்றி, மறுபடி கிளப்ப இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரையில் கட்டிய நிலையில் தலா மூன்று முறை செய்து பழகினால் போதும்.

பழைய படகைப் பார்க்கப் போகும்போது என்னென்ன பார்ப்பது?

போனவுடன் இஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் கிளப்பிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

குளிர்ச்சியில் கிளம்பும்போது கொஞ்சம் வெண்புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் வெண்புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது அல்லது இன்ஜெக்டர் சரியில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம், புரொப்பெல்லர் பொருந்தாமலும் இருக்கலாம். கடலில் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள்: இஞ்சின் தகட்டில் 3,600 சுற்று என்று இருந்து 3,200தான் எட்டுகிறது என்றால் அடியில் சிப்பி மண்டியிருக்கலாம், புரொப்பெல்லர் பெரிதாக இருக்கலாம், இஞ்சின் தளர்ந்திருக்கலாம். பதினைந்து நிமிடம் உயர் வேகத்தில் ஓட்டி வெப்பமானியைக் கவனியுங்கள்.

அவுட்போர்டுக்குக் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலகுங்கள். கீழ்ப்பகுதி கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடியுங்கள். அது பாலாடை நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஃபைபர் உடலைப் பிளாஸ்டிக் தலை சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் தரும், உள்ளே பிரிந்த இடம் மொத்தென்று சொல்லும். தளத்திலும், இஞ்சின் தொங்கும் பின்பலகையிலும் அதிகம் தட்டுங்கள், ஏனென்றால் அங்கே ஃபைபருக்குள் பலகை இருக்கும். திருகு துளை வழியாக மழைநீர் போனால் அந்தப் பலகை வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். அவுட்போர்டின் காலை மிதித்து அழுத்திப் பாருங்கள். பின்பலகை அசைந்தாலோ, திருகைச் சுற்றி மயிர்க்கோடு விரிசல் ஓடினாலோ, பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ அந்தப் பேரம் முடிந்தது.

தண்ணீருக்குக் கீழே உள்ள குழாய் வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு மாதிரி இளஞ்சிவப்பு தெரிந்தால் அது பித்தளை, அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது. உதைத்தால் உடையும். வெண்கல வால்வாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஹோசுக்கும் துருப்பிடிக்காத இரண்டு கிளிப் இருக்க வேண்டும்.

பிடித்துப்போனால், முன்பணம் கொடுக்குமுன் ‘தூக்கிப் பார்த்துச் சோதித்துத் திருப்தியானால் மட்டுமே’ என்று எழுதி வாங்குங்கள். சோதிப்பவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. ஊரில் லாரி இஞ்சின் பார்க்கும் நல்ல போமன் துணைக்கு வரலாம். ஆனால் ஃபைபர் பார்க்கத் தெரிந்தவர் வேறு ஆள்.

தாள்களில் எதைச் சரிபார்ப்பது?

ஜாபாத்தான் லாவுட் (கடல்துறை) உரிமத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா, படகின் பின்புறத்தில் பொறித்த எண்ணும் இஞ்சின் எண்ணும் தாளில் உள்ளவைதானா, கடன் பாக்கி உண்டா, மரினா வாடகை பாக்கி உண்டா? லங்காவி 1987 முதலும் பங்கோர் 2020 முதலும் வரியற்ற தீவுகள். அங்கே கிடந்த படகு மலிவாகத் தெரிந்தால், நிலப்பகுதிக்குக் கொண்டுவர வரி கட்டியாயிற்றா என்று சுங்கத் துறையிடம் நேரில் கேளுங்கள். படகை இருவர் பேரிலும் போடுங்கள்.

ஐரோப்பியப் படகுகளில் எந்த அளவு காற்றையும் அலையையும் தாங்கும் என்று காட்ட ஏ, பி, சி, டி என்று ஒரு வகை எழுத்து பொறித்திருக்கும். சி என்றால் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் ஆறாம் எண் காற்று, இரண்டு மீட்டர் அலை வரை. நம் கரையோரத்துக்கு அது போதும். டி ஆற்றுக்கு மட்டும்.

இழுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

மைவியால் முடியாது. படகு, இஞ்சின், எண்ணெய், இழுவண்டி எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னைத் தாண்டும், நான்கு சக்கரமும் ஓடும் பிக்அப் வேண்டும். லயத்து வீட்டு முற்றத்தில் 24 அடிப் படகு நின்றால் அண்டை வீட்டார் வழியும் அடைபடும். கரையிலேயே இடம் பிடிப்பது நடைமுறை.

வாரம் முழுக்கப் படகு தனியாகக் கிடக்குமே, என்ன ஆகும்?

மழைதான் முதல் எதிரி. பேராக் மாநில மழை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்து, படகின் திறந்த பின்தளம் எட்டுச் சதுர மீட்டர் என்றால், 400 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அது தானாகவே கடலுக்கு வடியும் உயரமான தளமாக இருந்தால் கவலையில்லை. அடித்தொட்டிக்குப் போய், பம்ப் எடுத்து வெளியே தள்ள வேண்டிய அமைப்பு என்றால், நாலு நாள் மழையில் பேட்டரி தீர்ந்து, ஐந்தாம் நாள் படகு பின்பக்கமாக அமிழும். வடியும் தளம் இல்லாத படகை வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் முழுதும் மூடும் கித்தானும் பம்புக்கென்று தனி பேட்டரியும் 50 வாட் சூரியத் தகடும் போடுங்கள். வடிகால் துளையில் இலை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலை விட்டுப் பாருங்கள்.

அடுத்தது அரிப்பு. புரொப்பெல்லர் மாதிரி உலோகங்களுக்குப் பதிலாகத் தானே கரையும் ஒரு தகட்டை அடியில் பூட்ட வேண்டும். கடல்நீரில் துத்தநாகத் தகடு, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் டிண்டிங் மாதிரி இடத்தில் அலுமினியத் தகடு. இரண்டையும் ஒரே படகில் கலக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். தகடு கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது இணைப்பு விட்டுப்போய் வேலை செய்யாமல் இருக்கிறது, புரொப்பெல்லர் கரைந்துகொண்டிருக்கும்.

அடிப்பகுதிக்கு ஆண்டுக்கொரு முறையாவது தூக்கிப் பெயின்ட் அடிக்க வேண்டும். நம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டலசு நிற்காமல் வளரும்.

ஆண்டுச் செலவு எவ்வளவு வரும்?

வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய படகுக்கு முதல் ஆண்டில் இன்னொரு பத்து விழுக்காடு. இடவாடகை, காப்புறுதி, தூக்கிப் பெயின்ட் அடிப்பது, சர்வீஸ், உடைவது. கையில் 60,000 வெள்ளி இருந்தால் 48,000 வெள்ளிப் படகைத் தேடுங்கள். மிச்சம் படகுக்கே போய்விடும்.

இரவு படுக்க வசதி எப்படி இருக்க வேண்டும்?

கடையில் குளுகுளு அறையில் காட்டும் படகுகளில் பல குளிர் நாட்டுக்காரர்களுக்குச் செய்தவை. மெத்தைக்கு நேர்மேலே திறக்கும் கதவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போக வழி இல்லாவிட்டால், ராத்திரி இருவரும் தளத்தில்தான் படுப்பீர்கள். கொசுவலையை அளவெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள், சதுப்புநிலக் கரையில் மாலை ஏழு மணிக்கு அது இல்லாமல் முடியாது. படுக்கையில் இருவரும் ஒன்றாகப் படுத்துப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள். நீளம் 190 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

குளிர்பெட்டி நம் வெக்கையில் நாளைக்கு 50 ஆம்பியர்மணி இழுக்கும். விளக்கு, மின்விசிறி, கைப்பேசி சேர்த்து 70. சாதாரண ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே ஒரு நாளுக்கே 140 ஆம்பியர்மணி வேண்டும். இஞ்சின் கிளப்பும் பேட்டரி இதிலிருந்து முற்றிலும் தனி. ஒரு நாள் தங்கலுக்கு நல்ல ஐஸ்பெட்டியே போதும் என்பது எங்கள் எண்ணம். வீட்டிலேயே குழம்பு வைத்து எடுத்துப் போனால் அடுப்பு வேலையும் பாதி.

கேஸ் அடுப்பு வைத்தால் தோம்பு வெளியே, அடியில் கடலுக்குத் திறக்கும் துளையுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். கசியும் கேஸும் பெட்ரோல் ஆவி மாதிரி கீழேதான் இறங்கும்.

நங்கூரக் கயிறு எவ்வளவு விட வேண்டும்?

நங்கூரம் போடும்போது உள்ள ஆழத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நள்ளிரவில் படகு நகர்ந்துவிடும். நீர் ஏறியபின் உள்ள ஆழம் வேண்டும். வற்றத்தில் நாலு மீட்டர், ஏற்றம் இரண்டரை மீட்டர், தண்ணீரிலிருந்து படகு மூக்கு ஒரு மீட்டர்: மொத்தம் ஏழரை. சங்கிலி மட்டும் என்றால் ஐந்து மடங்கு, 37 மீட்டருக்கு மேல். சங்கிலியும் கயிறும் கலந்தால் ஏழு மடங்கு, 52 மீட்டருக்கு மேல். 26 அடிப் படகுக்குப் பத்துக் கிலோ நங்கூரம், எட்டு மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர், 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு 40 மீட்டர். சேற்றில் நங்கூரம் மெதுவாகத்தான் பிடிக்கும். போட்டவுடன் பின்னுக்கு இழுக்காமல் பத்து நிமிடம் அமர விடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். வீட்டு நாள்காட்டியே அதைச் சொல்லும். நேரத்துக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள்: ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து கருமேக வரிசை விடியலுக்கு முன்போ காலையிலோ வரும், பத்து நிமிடத்தில் கண்ணாடிக் கடல் கொதிக்கத் தொடங்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பங்கோரின் மேற்குக் கடற்கரைகளான தெலுக் நிப்பா, பாசிர் போகாக்கில் இரவு தங்காதீர்கள், காற்று உங்களைக் கரைக்கே தள்ளும். தீவின் கிழக்குப் பக்கம் ஒதுங்குங்கள். தீபாவளி விடுமுறைக்குத் தொலைவாகப் போகத் திட்டமிடுகிறவர்கள், அது மாலை இடிமழைக் காலம் என்பதை நினைவில் வைத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குள் சேரும்படி கிளம்புங்கள். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், ஜெட்டியும் கடலும் நெரியும். அன்று ஃபெர்ரியில் போய்ச் சாமி கும்பிடுங்கள், முதல் ஆண்டில் சொந்தப் படகு வேண்டாம்.

பாதுகாப்புக்கு எதை முதலில் வாங்குவது?

ஆளுக்கொன்று உடம்புக்கு அளவான உயிர்காப்பு உடை, படகு ஓடும்போதெல்லாம் போட்டிருக்கும்படி இலகுவானது. தண்ணீரில் விழுந்தவர் தானே ஏறும்படி, தண்ணீருக்குள் மூன்று படி இறங்கும் ஏணி. கணவன் 80 கிலோ, மனைவி 50 கிலோ என்றால் நனைந்த ஆளை இழுத்து ஏற்ற முடியாது, ஏணி இல்லாத படகு அங்கேயே தோற்றுவிடும். விஎச்எஃப் வானொலி, 16ஆம் அலைவரிசை. கைப்பேசியில் அவசர எண் 999. தீயணைப்பான் இரண்டு, ஒன்று இஞ்சின் அறைக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில். கூரான கத்தியும் நீச்சல் கண்ணாடியும், ஏனென்றால் வலையும் கயிறும் புரொப்பெல்லரில் சுற்றுவது இந்தக் கடலில் சர்வசாதாரணம். இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே இறங்கி அறுக்க வேண்டும். இரவில் வலை தெரியாது, இரவில் ஓட்டாதீர்கள்.

கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது, அதன் எல்லைக்குள் ஒதுங்காதீர்கள்.

வாங்கிய பிறகு எப்படிப் பழகுவது?

முதல் நான்கு வாரம் டிண்டிங் ஆற்றுக்குள்ளேயே. நீரோட்டம் ஓய்ந்த ஏற்ற உச்சியில் காலி ஜெட்டியில் கட்டுவதும் அவிழ்ப்பதும், ஆளுக்குப் பத்து முறை. யாருக்கு ஓட்டக் கூச்சமோ அவரே முதலில் சுக்கான் பிடிக்கட்டும், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஐந்தாம் வாரம் ஒரு வெற்று டின்னில் பாதி தண்ணீர் ஊற்றிக் கடலில் போட்டுவிட்டு, அதைத் தனி ஆளாகத் திரும்பிப் போய் எடுங்கள். காற்றுப் பக்கமாக வந்து, டின் பக்கவாட்டில் இருக்கும்போது இஞ்சினை நியூட்ரலில் விட்டு, ஏணிப் பக்கம் இழுங்கள். இருவரும் மூன்று நிமிடத்துக்குள் எடுக்கிற வாரத்தில் பங்கோருக்குக் கிளம்பலாம்.